விடைத்தாளைச் சுற்றி உட்காருவோம்

கொத்தனார் எழுப்பும் சுவர் கோணலாகப் போனால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கொத்தனாருக்குத் தெரிந்துவிடும். தவில் எங்கே தடுமாறியது என்பது நாகஸ்வரக்காரருக்கு அந்த நொடியிலேயே தெரியும். ஆசிரியர் பணி அப்படி அமையவில்லை. நாற்பது ஐம்பது பிள்ளைகளின் முன்னால் நாள் முழுவதும் நின்று பேசுகிறோம். ஆனால் நாம் நடத்திய பாடம் பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சக ஆசிரியர் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. யாராவது பார்க்க வந்தால் அது ஆய்வு என்றாகிவிடுகிறது. கரும்பலகையும் பாடக்குறிப்பும் அன்றைக்கு மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொள்கின்றன.

கல்லூரியில் இந்தத் தனிமை இன்னும் கூடுதல். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். பேராசிரியர் ஒருவரின் ஆய்வு சக ஆய்வாளர்கள் படித்துத் திருத்தும் பொதுச் சொத்தாக இருக்கிறது. அவருடைய கற்பித்தலோ வகுப்பறைக் கதவுக்குள் அடங்கிப்போகிறது என்பது அவர் கருத்து. இந்தக் கதவைத் திறக்க உலகின் பல இடங்களில் ஆசிரியர்கள் கண்ட எளிய வழி, தங்களுக்குள் சிறு குழுக்களாகக் கூடிப் பேசுவது. அந்தக் குழு எப்படி இயங்குகிறது, பிள்ளைகளின் கற்றலுக்கு எப்படி உதவுகிறது, பள்ளி ஆசிரியர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை, திருச்சியில் தாவரவியல் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியராக என் அனுபவத்தோடு சேர்த்து இங்கே சொல்கிறேன்.

இப்போது ஏன் இது தேவை?

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் உயர்கல்வியில் சேரும் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை பக்கத்து ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்து திருச்சிக் கல்லூரிகளில் உட்காரும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். நீங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்து அனுப்பிய பிள்ளைகள் அவர்கள்.

முதல் செமஸ்டரில் இவர்களில் சிலர் மெல்ல மௌனமாகிவிடுகிறார்கள். இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைகிறது. இரண்டு தாளில் அரியர் விழுகிறது. பிறகு வருகைப்பதிவு இறங்குகிறது. ஸ்டாஃப் ரூமில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: “பேஸிக்கே இல்லை சார்.” கல்லூரி ஆசிரியர் மேல்நிலைப் பள்ளியைக் காட்டுகிறார், மேல்நிலை ஆசிரியர் நடுநிலையைக் காட்டுகிறார், கடைசியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாட்டிக்கொள்கிறார். பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலேயே போகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஜோடிக் கண்கள் போதாது.

குழு என்றால் எப்படிப்பட்ட குழு?

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதும் கல்லூரி ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களைத் தொடங்கியது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் ஒன்று அமைந்தது. இவை 2023 முதல் மாளவியா பெயரில் இயங்குகின்றன. அங்கே சில வாரம் நல்ல உரைகளைக் கேட்கிறோம். திரும்பி வந்ததும் பழையபடி நாமும் நம் வகுப்பும்தான். கேட்டதை வகுப்பில் செய்துபார்த்து, எது நின்றது எது நிற்கவில்லை என்று பேசுவதற்கு ஆள் வேண்டும். அந்த இடத்தைத்தான் சக ஆசிரியர் குழு நிரப்புகிறது.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்திலுள்ள மயாமி பல்கலைக்கழகம் 1979இல் பணியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்காக இப்படி ஒரு குழுவைத் தொடங்கியது. மில்டன் காக்ஸ் என்பவர் இதைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு பேர், வெவ்வேறு துறைகளிலிருந்து வருவார்கள். ஓராண்டு முழுக்க அதே ஆட்கள், சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். ஒவ்வொருவரும் தம் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து, மாணவர் கற்றலில் என்ன நடந்தது என்று குழுவிடம் சொல்ல வேண்டும். இந்த முறை பிறகு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

ஜப்பானியப் பள்ளிகளில் இதற்கு இன்னும் நீண்ட மரபு உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்துவார். மற்றவர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு எல்லோரும் கூடிப் பேசுவார்கள். அவர்கள் கவனிப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை என்பது இங்கே முக்கியம். ‘பாட ஆய்வு’ என்ற இந்த முறை 1999இல் வெளிவந்த ஸ்டிக்லர், ஹீபர்ட் ஆகியோரின் நூல் வழியாக உலகின் கவனத்துக்கு வந்தது.

ஹோஷங்காபாத்தின் மாதாந்தர கோஷ்டி

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ நிறுவனங்கள் அரசின் அனுமதியோடு அதை நடத்தின. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்களும் வந்து கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பாடங்களை உருவாக்கினார்கள். 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் தொடங்கப்பட்ட ஏகலவ்யா நிறுவனம் அதைத் தொடர்ந்து நடத்தியது. 2002இல் அரசு திட்டத்தை நிறுத்தும்வரை அது முப்பது ஆண்டுகள் நடந்தது.

அந்தத் திட்டத்தின் உயிர்நாடிகளில் ஒன்று, ஆசிரியர்களின் மாதக் கூட்டம். ஒரு வட்டாரத்தின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளியில் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வரவில்லை, பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள், அடுத்த பாடத்தை எப்படி நடத்துவது என்று பேசினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களும் அந்தக் கேள்விகளிலிருந்து கற்றுக்கொண்டார்கள். இந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘மாசிக் கோஷ்டி’, அதாவது மாதாந்தர கோஷ்டி.

‘கோஷ்டி’ என்றதும் நமக்குக் கோஷ்டிப் பூசல்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அரங்கன் கோயிலில் திவ்வியப் பிரபந்தம் சேவிப்பவர்களின் குழுவுக்கும் கோஷ்டி என்றே பெயர். மூத்தவரும் இளையவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். ஒருவருக்கு அடி மறந்தாலும் பக்கத்துக் குரல் அதை எடுத்துச் செல்லும். வடமொழியில் கோஷ்டி என்பதற்கு அவை, கூடிப் பேசும் இடம் என்று பொருள். ஸ்டாஃப் ரூமில் முதல் வகைக் கோஷ்டியை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை.

விசை என்ற ஒரு சொல்

திருச்சிக்கு இதில் ஒரு வசதி உண்டு. மலைக்கோட்டையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள்ளேயே புனித வளனார், ஹோலி கிராஸ், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, நேஷனல், தந்தை பெரியார் அரசுக் கல்லூரி என்று பல கல்லூரிகள் இருக்கின்றன. 1978இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் புனித வளனார் கல்லூரியும் ஒன்று. தன்னாட்சி வந்த பிறகு கேள்வித்தாளை எடுப்பவரும் பாடம் நடத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே. கேள்வி சரியாக இல்லையென்றால் அதை மாற்றும் உரிமையும் அவரிடமே இருக்கிறது.

எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர். கல்லூரிகள் வேறு, துறைகள் வேறு. மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்தில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் சந்திக்கிறோம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் வீதிக்குள் நுழைய முடியாத மார்கழி மாதத்தில் மட்டும் டவுனுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

ஒருமுறை இயற்பியல் ஆசிரியர் ஐந்து விடைத்தாள்களின் நகலைக் கொண்டுவந்தார். கேள்வி எளிமையானது: மேல்நோக்கி எறியப்பட்ட பந்து கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், அதன் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறியால் காட்டுக. பந்தின் மீது இருப்பது கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை மட்டுமே. ஐந்தில் நான்கு பேர் மேல்நோக்கியும் ஒரு பெரிய அம்பு போட்டிருந்தார்கள். அதே மாணவர்கள் அடுத்த பக்கத்தில் சமன்பாட்டை வைத்துப் பந்து எட்டும் உயரத்தைச் சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனஸ் குழுவினர் இத்தகைய குழப்பங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர் படித்தார். தம் மாணவர்களுக்கு அப்படி நடக்காது என்ற நம்பிக்கையோடு சோதித்துப் பார்த்தார். கணக்கில் தேறியவர்கள் எளிய கருத்துக் கேள்வியில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் தம் கற்பிக்கும் முறையையே மாற்றி, வகுப்பில் மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வைத்தார். ஓர் ஆசிரியர் எழுதியது இன்னோர் ஆசிரியரின் வகுப்பை மாற்றியது.

எங்கள் கூடத்தில் அந்த விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு முதலில் பேசியவர் தமிழாசிரியை. “சார், ஊர்ப் பக்கம் ‘விசையா எறி’ன்னு சொன்னா என்ன அர்த்தம்? வேகமா எறின்னுதானே? அந்தப் பிள்ளைக்கு விசைன்னா வேகம். பந்து மேலே வேகமாப் போகுது, அதனால மேலே ஒரு அம்பு போட்டிருக்கு” என்றார். தமிழ் அகராதியும் விசை என்பதற்கு வேகம் என்ற பொருளைத் தருகிறது. ஆறாம் வகுப்பில் தொடங்கி, பத்தாம் வகுப்பின் இயக்க விதிகள் வரை அந்தச் சொல்லைப் பிள்ளை படித்துக்கொண்டே வருகிறது. அதன் மனதில் வீட்டுப் பொருளும் பாடப்புத்தகப் பொருளும் ஒன்றோடொன்று மோதாமல் அருகருகே இருக்கின்றன. இயற்பியல் துறைக்குள் மட்டும் பேசியிருந்தால் இந்த விளக்கம் கிடைத்திருக்காது.

அடுத்த இரண்டு வாரத்தில் இயற்பியல் ஆசிரியர் இரண்டு சிறிய மாற்றங்களைச் செய்தார். வரையறைக்கு முன்னால், விசை என்ற சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். பிறகு, அம்பு போடும்போதெல்லாம் “இந்த விசையைக் கொடுப்பது யார்?” என்று பக்கத்தில் எழுத வேண்டும் என்றார். கொடுப்பவர் பெயர் இல்லாத அம்புக்கு இடமில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் கொண்டுவந்த தாள்களில் மேல்நோக்கிய அம்புகள் குறைந்திருந்தன. ஒரு தாளில் மட்டும், “அப்படியானால் பந்தை மேலே கொண்டுபோவது எது?” என்று ஒரு மாணவி பென்சிலால் எழுதியிருந்தார். அந்தக் கூட்டம் முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசினோம். இயக்கம் தொடர ஒரு விசை தேவையில்லை, நிலைமமே போதும் என்பதை எப்படிக் காட்டுவது? அரிஸ்டாட்டில் காலம் முதல் கலிலியோ, நியூட்டன் வரை மனிதர்களை உழைக்கவைத்த கேள்வி அது. பேஸிக் இல்லை என்று ஒதுக்கப்படும் பிள்ளை அதைக் கேட்டிருந்தது.

‘ஒப்பிடுக’ என்றால் என்ன?

இன்னொரு கூட்டத்தில் வரலாறு, வணிகவியல், தாவரவியல் என மூன்று துறைகளின் விடைத்தாள்களை ஒன்றாகப் பரப்பினோம். பல்லவர், சோழர் கோயில் கட்டடக் கலையை ஒப்பிடுக. தனியாள் வணிகத்தையும் கூட்டாண்மையையும் ஒப்பிடுக. ஒருவித்திலை, இருவித்திலைத் தாவர வேர்களின் உள்ளமைப்பை ஒப்பிடுக. மூன்றிலும் விடை ஒரே அச்சு: முதல் அரைப் பக்கம் ஒன்றைப் பற்றி, அடுத்த அரைப் பக்கம் மற்றொன்றைப் பற்றி. இரண்டையும் சேர்த்துப் பேசும் ஒரு வாக்கியம்கூட இல்லை. தன் பாடத்தில்தான் பிள்ளைகள் இப்படி என்று அதுவரை ஒவ்வொரு துறையும் நினைத்துக்கொண்டிருந்தது.

மூவரும் ஒரே முறையை முயன்றோம். முதலில் மூன்று பத்தி அட்டவணை, நடுப் பத்தியில் “எந்தக் கூறில்?” என்ற கேள்வி. பிறகு ‘இரண்டிலும்’, ‘ஆனால்’, ‘மாறாக’ ஆகிய சொற்கள் வரும்படி நான்கு வாக்கியங்கள். இதைக் கல்லூரிவரை தள்ளிவைக்க வேண்டிய தேவையே இல்லை. காகத்தையும் கிளியையும் வைத்து இரண்டாம் வகுப்பிலேயே வாய்மொழியாகச் செய்யலாம்.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும்?

ஒன்றரை மணி நேரம் போதும். நாங்கள் பின்பற்றும் வரிசை இது:

1. முதல் 15 நிமிடம்: சென்ற மாதம் முயன்றது என்ன ஆயிற்று என்று ஒருவர் சொல்வார்.

2. அடுத்த 10 நிமிடம்: இன்றைக்கு முறை வந்தவர் ஒரு கேள்வியையும் நான்கைந்து விடைத்தாள் நகல்களையும் தருவார். மாணவர் பெயர் மறைக்கப்பட்டிருக்கும்.

3. 15 நிமிடம் பேச்சில்லாத வாசிப்பு. நல்ல விடை, மோசமான விடை என்று பிரிக்காமல், பிள்ளை என்ன நினைத்து எழுதியிருக்கும் என்ற பார்வையோடு படிப்போம்.

4. 30 நிமிடம்: முதலில் கண்ணில் பட்டதை மட்டும் சொல்வோம். காரணம் பிறகுதான்.

5. கடைசி 20 நிமிடம்: இரண்டு வாரத்தில் செய்யக்கூடிய ஒரே ஒரு சிறிய மாற்றத்தை முடிவுசெய்வோம். பிள்ளைகளிடமிருந்து எதைக் கொண்டுவந்தால் அது பலித்ததா என்று தெரியும் என்பதையும் அப்போதே எழுதிவைப்போம்.

மூன்றாவது படியில்தான் குழுவின் பலம் இருக்கிறது. ஆசிரியரைப் பற்றிப் பேசினால் அவர் தற்காப்பில் இறங்குவார். மேசை மேல் விடைத்தாள் இருந்தால் எல்லோர் கண்ணும் பிள்ளையின் எழுத்துக்குப் போகும். பாடம் நடத்தியவரும் மற்றவர்களோடு சேர்ந்து தேடுவார்.

குழு எங்கே சறுக்கும்?

முதல் சறுக்கல் புலம்பல். அகவிலைப்படி, மாறுதல் கலந்தாய்வு, இரண்டாம் ஷிஃப்ட் என்று பேச்சு திரும்பினால் நேரம் கரைந்துவிடும். அவையெல்லாம் உண்மையான பிரச்சினைகள்; ஆனால் அவற்றுக்கு வேறு மேடை உண்டு. தேநீருக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தை அதற்குக் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, பணிமூப்பு. மூத்தவர் பேசத் தொடங்கினால் இளையவர் வாய் மூடிக்கொள்வார். அதனால் நடத்துபவர் மாதாமாதம் மாற வேண்டும். பணியில் புதியவரே முதலில் பேச வேண்டும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. குழு நன்றாக நடக்கிறது என்று தெரிந்தவுடன் அதற்கு வருகைப்பதிவு, புகைப்படம், அறிக்கை என்று கேட்கத் தோன்றும். அந்த நொடியிலிருந்து ஆசிரியர்கள் சிறந்த விடைத்தாள்களையே கொண்டுவருவார்கள். சறுக்கிய விடைத்தாள் வராத கூட்டத்தில் கற்க ஒன்றுமில்லை. தலைமை ஆசிரியர்களும் அலுவலர்களும் குழுவுக்கு நேரத்தையும் இடத்தையும் தந்துவிட்டு, அங்கே பேசப்பட்டதைக் கேட்காமல் இருப்பதே அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

குழுவால் ஆகாதவையும் உண்டு. காலிப் பணியிடத்தை அது நிரப்பாது. நெருக்கடியான வகுப்பறையை அகலப்படுத்தாது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு அதனால் சோறு போட முடியாது. பிள்ளைக்கு எது புரியவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

உங்கள் பள்ளியில் தொடங்க

தொடக்கநிலை ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நாளில் ஒரு மணி நேரத்தை நான்கைந்து பேர் கொண்ட சிறு வட்டங்களுக்கு ஒதுக்க முடியுமா என்று ஆசிரியர் பயிற்றுநரிடம் கேட்டுப்பாருங்கள். வளரறி மதிப்பீட்டில் பிள்ளைகள் எழுதிய ஐந்து தாள்கள் போதும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறது. அந்த விதியை அது எங்கே கற்றது என்று நான்கு பேர் சேர்ந்து தேடினால் விடை கிடைக்கும்.

இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி என்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரே பாட ஆசிரியர்கள் மட்டும் கூடாமல் தமிழாசிரியரையும் கணித ஆசிரியரையும் ஒரே மேசையில் அமர்த்துங்கள். நேரத்தை முடிவுசெய்யும்போது, மாலையில் வீட்டுக்கு ஓட வேண்டிய ஆசிரியைகளின் வசதியை முதலில் கேளுங்கள். மாலைக் கூட்டம் என்றால் வட்டத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

அருகில் கல்லூரி இருந்தால் அங்கிருந்தும் ஒருவரை அழையுங்கள். உரையாற்ற அல்ல, உங்களோடு உட்கார்ந்து விடைத்தாள் படிக்க. எங்கள் வட்டத்தில் இரண்டாம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவர் சேர்ந்தார். “விசை என்றால் தள்ளுதல் அல்லது இழுத்தல் என்று என் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள் சார், அம்புதான் தப்பாகப் போடுகிறார்கள்” என்றார். நான்கு ஆண்டுகள் கழித்து எங்களிடம் வரும் அதே அம்பு. பள்ளியையும் கல்லூரியையும் மாறிமாறிக் குறை சொல்லும் பழக்கம் அன்றைக்கு எங்கள் மேசையில் நின்றது. “விசையைக் கொடுப்பது யார்?” என்ற கேள்வியை அவர் தம் வகுப்புக்கு எடுத்துச் சென்றார், எட்டாம் வகுப்பு ஆசிரியரையும் அடுத்த மாதம் அழைத்து வந்தார்.

இந்த வாரம் நீங்கள் திருத்தும் கட்டிலிருந்து, உங்களுக்கே புரியாத ஒரு விடையை எடுத்து வையுங்கள். அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் காட்டி, “இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும்?” என்று கேளுங்கள். குழு அங்கிருந்தே தொடங்கிவிடும்.